கீழ் லயத்துத் தண்ணீர்

இலங்கைக்குப் போகிறேன் என்றதும் தஞ்சாவூர் ஆய்வுக்கூடத்தில் ஆளாளுக்கு ஒன்று கேட்டார்கள். ஒருவருக்குத் தேயிலை, ஒருவருக்குக் கித்துள் மரத்துக் கருப்பட்டி, இயக்குநர் வீட்டம்மாவுக்கு பத்திக் சேலை. கோத்தகிரியிலிருந்து அம்மா போன் பண்ணினாள். "எனக்கு ஒரு போத்தல் பீலித் தண்ணி கொண்டாந்துரு. வேற ஒண்ணும் வேணாம்" என்றாள். சொன்னதோடு விடவில்லை. மூடி இறுகிய பெரிய கண்ணாடிப் போத்தல் ஒன்றை வெந்நீரில் கழுவிக் காயவைத்து, பழைய துணியில் சுற்றி, தெரிந்தவர் ஒருவரிடம் தஞ்சாவூருக்கே கொடுத்தனுப்பிவிட்டாள்.

மலையில் ஊறிவரும் தண்ணீரை ஒரு தகரத்தில் பிடித்து, கீழே தொட்டியில் விழ வைத்திருப்பார்களே, அதுதான் பீலி. தேயிலைத் தோட்டத்தில் குளிப்பது, துவைப்பது, குடிக்கப் பிடிப்பது எல்லாம் அங்கேதான். ஹாலிஎலவுக்கு மேலே ஒரு தோட்டத்தில், கீழ் லயத்தில், கடைசிக் காம்பராவில் பிறந்தவள் நான். காம்பரா என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம், லயம் என்கிற வரிசை வீட்டில் ஓர் அறை. எனக்கு ஒன்பது வயதாகும்போது எங்களை இந்தியாவுக்கு அனுப்ப ஒப்பந்தம் என்றார்கள், ரயிலில் ஏற்றினார்கள், தலைமன்னாரில் கப்பல் ஏற்றினார்கள். இறங்கி, கோத்தகிரியில் மறுபடி தேயிலைக் கொழுந்தே பறித்தாள் அம்மா. இத்தனை வருஷம் ஆகியும் பாட்டிலை அவள் பாட்டில் என்று சொன்னது கிடையாது.

என் பிழைப்பு மீன் நோய். தஞ்சாவூர்ப் பக்கம் கெண்டைக் குளங்களில் புண் நோய் வந்து மீன் மிதக்கும்போது என்னைக் கூப்பிடுவார்கள். மருந்து கொட்டிக் கொட்டி, எந்த மருந்துக்கும் மசியாத பாக்டீரியாவை நாமே வளர்த்து வைத்திருக்கிறோம். அந்த பாக்டீரியாவைக் கொல்வதற்கென்றே ஒரு வைரஸ் இருக்கிறது. ஃபேஜ் என்பார்கள். மீனைத் தொடாது, மனுஷரைத் தொடாது, தனக்குப் பிடித்த பாக்டீரியா எதுவோ அதற்குள் மட்டும் புகுந்து, பெருகி, அதை வெடிக்க வைத்து வெளியே வரும். எங்கள் குளங்களில் எடுத்த ஃபேஜ் எங்கள் கெண்டைகளைக் காப்பாற்றியதிலிருந்து எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் ஏறியிருந்தது.

பதுளையில் ஆராய்ச்சி செய்யும் நிமாலி சென்னைப் பயிற்சி வகுப்பு ஒன்றில் பழக்கமான சிங்களப் பெண், எங்களுக்குள் இங்கிலீஷ்தான். ஒரு தோட்டத்தில் தங்கமீன் வளர்க்கும் பெண்ணுக்கு மீனெல்லாம் சாகிறது, உங்கள் ஃபேஜைக் கொண்டு வர முடியுமா என்று கேட்டாள். எந்தத் தோட்டம் என்றேன். அவள் சொன்னது நான் பிறந்த தோட்டத்தின் பெயர். அந்தப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை, அவர்கள் பாட்டுக்கு நிம்மதியாக இருக்கட்டும்.

அனுமதி வாங்கிய கதை பெருங்கதை, விடுங்கள். கொழும்பிலிருந்து ஏறிய ரயிலில் ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வாசலில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் தொங்கிக்கொண்டு படம் எடுத்துக்கொண்டார்கள். வாசலில் தொங்கினால் அப்பா தோலை உரிப்பார் என்ற பயத்தில் அப்பாவின் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு இதே பாதையில் கீழே இறங்கியவள் நான். அப்போது ரயில் முழுக்க டிரங்குப் பெட்டிகளும் அழுகையும். இப்போது வடைக்காரர் காய்ந்த மிளகாயைப் பொரித்து வடையோடு காகிதத்தில் சுற்றித் தருகிறார். நான் மூன்று முறை வாங்கினேன்.

தெமோதரையில் ரயில் ஒரு சுற்றுச் சுற்றி, நின்ற ஸ்டேஷனுக்கு அடியிலேயே புகுந்து போகும். சின்ன வயதில் பார்த்ததை மறுபடி பார்க்க வேண்டும் என்று ஆசை ஆசையாக வந்தால், பண்டாரவளையிலேயே வண்டியை நிறுத்திவிட்டார்கள். பாதையில் மண் சரிந்திருக்கிறதாம். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். யாரிடம் காட்டுவது? கடையில் முக்கோணமாய் ஒரு மீன் பன்னும் பால் விடாத தேயிலைச் சாயத்தண்ணியும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, மழையோடு பஸ் பிடித்தேன்.

பஸ்ஸில் நடத்துநர் என் கையிலிருந்த பெட்டியை வாங்கி, உபகாரம் செய்வதாக நினைத்து, டிரைவர் பக்கத்தில் கொதிக்கிற இன்ஜின் மூடி மேல் வைத்தார். உள்ளே இருந்த ஃபேஜுக்குச் சூடு ஆகாது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் எடுத்தேன். பக்கத்து சீட்டுச் சிங்களக் கிழவி என்னமோ கேட்டாள். முன் சீட்டில் இருந்த ஒருவர் திரும்பி, "என்ன மீனு, நல்லதான்னு கேக்குறாங்க" என்று தமிழில் சொன்னார். மீன் இல்லை, மீனுக்கு மருந்து என்றேன். அவர் அதைச் சிங்களத்தில் சொல்ல, கிழவி நெடுநேரம் யோசித்துவிட்டு ஒன்று சொன்னாள். "எனக்கு முட்டி வலி, இந்தியாவிலிருந்து அதுக்கு ஏன் யாரும் கொண்டு வர மாட்டேங்கிறீங்க" என்றாளாம். பதுளை வரும்வரை பஸ்ஸே அதைச் சொல்லிச் சிரித்தது.

மறுநாள் நிமாலியும் நானும் திரீவீல் ஆட்டோவில் தோட்டத்துக்கு ஏறினோம். வளைவுக்கு வளைவு எனக்கு ஏதாவது ஞாபகம் வரும் என்று பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. மழை நின்று, வெயில் பட்டு, தேயிலைச் செடியும் நனைந்த மண்ணும் சேர்ந்து வாடை எழும்பியபோது மட்டும் தலையை வெளியே நீட்டி மூச்சை இழுத்தேன். நிமாலி நல்லவேளையாக போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தங்கமீன் வளர்க்கும் புஸ்பராணியின் காம்பரா மேல் லயத்தில் இருக்கிறது. நாற்பது வயதுக்காரி, குவைத்தில் வீட்டு வேலை செய்து அனுப்பிய காசில் பின்பக்கம் சிமெண்டுத் தொட்டிகள் கட்டியவள். புருஷன் மோகனுக்குத் தேயிலை ஃபேக்டரியில் வேலை. இறங்கியதும் சுற்றிப் பார்த்தேன். லயத்து முன்சுவரெல்லாம் புதிதாகச் சுண்ணாம்பு. கானெல்லாம், அதாவது சாக்கடையெல்லாம், சுரண்டி வழித்துக் கழுவியிருக்கிறது. தொட்டிகளை வடித்து, பிளீச்சிங் பவுடரும் சுண்ணாம்பும் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருக்கிறார்கள். நோயுற்ற மீன்கள் நீல டிரம்களில் புதுத் தண்ணீரில் கிடந்தன. எனக்கு உடனே புரிந்தது. பெரிய தொரை தோட்டம் பார்க்க வருகிறார் என்றால் முதல் நாள் வேலையை நிறுத்திவிட்டு லயத்துக்கு வெள்ளையடிப்பார்கள். நானும் சின்ன மட்டையால் அடித்திருக்கிறேன். அந்த மரியாதையை இப்போது எனக்குச் செய்திருக்கிறார்கள்.

"இந்தியாவுலேருந்து வர்றீங்கன்னு நிமாலி மிஸ் சொன்னாங்க. அழுக்கா இருந்தா நல்லாவா இருக்கும் மேடம்" என்றாள் புஸ்பராணி. வாசலில் துணி விரித்த நாற்காலி, பிஸ்கட், சோடா. வீட்டுக்காரர்கள் எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள். நானும் இந்தத் தோட்டத்துப் பிள்ளைதான் என்று சொல்ல வந்த வாய் அப்படியே அடைத்துக்கொண்டது. தொரை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அதை எப்படிச் சொல்வது? உள்ளே அடுப்பில் தேங்காய் ரொட்டி வேகும் வாசனை வேறு. அது எனக்கு இல்லையாம், எனக்கு கிரீம் பிஸ்கட்டாம்.

டிரம்மைப் பார்த்தேன். செதில் சிலிர்த்து, வயிறு உப்பி, விலாவில் சிவப்புப் புண். தஞ்சாவூரில் நான் பார்த்துச் சலித்த அதே நோய். மருந்துக் கடையில் இருந்த எல்லாவற்றையும் அவள் போட்டுப் பார்த்துவிட்டாள். நான் கொண்டு வந்திருப்பது வைரஸ் என்றதும் அவள் முகம் மாறியது.

"வைரஸா? கொரோனா மாதிரியா மேடம்? பிள்ள இருக்கிற வீடுங்க."

விளக்கினேன். பூச்சியைத் தின்னும் பூச்சி இல்லையா, அந்த மாதிரி என்றேன். தலையாட்டினாள். ஆனால் பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள் கவிதாவை மட்டும் டிரம் பக்கமிருந்து நகர்த்தி நிறுத்தினாள். அப்புறம்தான் மெதுவாகச் சொன்னாள்.

"இந்தத் தடவையும் செத்துச்சுன்னா நா திரும்ப குவைத்துக்குத்தாங்க போகணும். ஏஜென்சிக்காரன்கிட்ட பாஸ்போட்டு குடுத்தாச்சு. தீபாவளிக்கு முன்ன ஏத்திருவான்."

"மொத தடவ போயிட்டு வந்தப்ப இவ என்னை ஆன்ட்டின்னு கூப்புட்டா" என்று மகளைக் காட்டினாள். கவிதா யாரையும் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள். நோயுற்ற மீன் இரண்டை எடுத்துக்கொண்டு நாங்கள் கிளம்பினோம். கவலைப்படாதே, கையில் மருந்து இருக்கிறது என்று பெரிய மனுஷியாக வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

பதுளை ஆய்வுக்கூடம் சின்னது, ஆனால் நிமாலி அதைப் பூஜை அறை மாதிரி வைத்திருந்தாள். மீனிலிருந்து பாக்டீரியாவை எடுத்து, கண்ணாடித் தட்டில் ஜெல்லி மாதிரி உறைந்த தீனியின் மேல் பரப்பினோம். மேலே என் ஃபேஜைச் சொட்டுச் சொட்டாக விட்டோம். ஃபேஜ் தின்ற இடத்தில் மறுநாள் ஓட்டை மாதிரி வட்டம் தெளிந்திருக்கும். அதுதான் கணக்கு. மறுநாள் தட்டைத் திறந்தால் ஒரு வட்டம்கூட இல்லை. பாக்டீரியா பாட்டுக்குப் பால் ஏடு மாதிரி படர்ந்திருந்தது. 

முதலில் பஸ் நடத்துநரைத் திட்டினேன். இன்ஜின் சூட்டில் ஃபேஜ் செத்திருக்கும் என்று நினைத்தேன். பாவம், அவர் மேல் தப்பில்லை. கூடவே கொண்டு போயிருந்த எங்கள் தஞ்சாவூர் பாக்டீரியா மேல் விட்டுப் பார்த்தால் அங்கே வட்டம் வட்டமாகத் தெளிந்தது. ஃபேஜ் உயிரோடுதான் இருக்கிறது. இந்த ஊர் பாக்டீரியாவை அதற்கு அடையாளம் தெரியவில்லை, அவ்வளவுதான். இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே நோய், ஆனால் ஊர் வேறு. அப்படி நடக்கும் என்று வகுப்பெடுப்பவள் நான். என் ஃபேஜுக்கு மட்டும் நடக்காது என்று நினைத்திருக்கிறேன்.

"இங்கே உள்ளதைத்தான் தேட வேண்டும்" என்றாள் நிமாலி. வேறு வழியில்லை. நோயுள்ள மீன் கிடந்த அழுக்குத் தண்ணீரில்தான் அந்த பாக்டீரியாவைத் தின்னும் ஃபேஜும் இருக்கும். அந்த அழுக்கைத்தான் எனக்கு மரியாதை செய்வதற்காகத் தேய்த்துக் கழுவியிருந்தார்கள். முதல் நாள் மீனோடு தொட்டி மூலையில் சுரண்டி எடுத்து வந்த கசடைப் பரிசோதித்தோம். சுண்ணாம்பு நெடியைத் தவிர ஒன்றுமில்லை.

அன்று மாலை பதுளை பஜாரில் ஒரு சைவக் கடையில் உட்கார்ந்து தோசை சாப்பிட்டேன். முதலாளியின் தாத்தா காலத்தில் திருநெல்வேலியிலிருந்து வந்த குடும்பம். அவர் என் இலையைப் பார்த்து, "நம்ம ஊரு தோச மாதிரி இருக்கா?" என்றார். அவர் தமிழ்நாட்டைப் பார்த்ததே இல்லை. நானோ பதுளைப் பக்கம் பிறந்தவள். எது நம்ம ஊர் என்று இரண்டு பேருக்கும் சொல்லத் தெரியவில்லை. தோசை நன்றாக இருந்தது என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த நாள் மறுபடி மேலே போனோம். என் மருந்து பலிக்கவில்லை என்று புஸ்பராணியிடம் சொன்னேன்.  அவள் முந்தானையால் கையைத் துடைத்தாள், துடைத்த கையையே மறுபடி மறுபடி துடைத்தாள். டிரம்மில் இன்னும் சில மீன்கள் மல்லாந்து கிடந்தன.

"முன்ன தொட்டியில மாத்துன தண்ணி, கழுவுன தண்ணி எல்லாம் எங்க போச்சு? அழுக்குத் தண்ணி எங்கயாச்சும் தேங்கிக் கிடக்கா?" என்று கேட்டேன்.

"அய்யோ இல்ல மேடம். நாங்க அழுக்குத் தண்ணியே விடுறதில்ல. எல்லாம் சுத்தம்."

"கீழ விடுறதில்லையா?"

"கீழ விடவே மாட்டோங்க. சத்தியமா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியாமல் சிரித்தேன். நிமாலி பயந்தே போனாள். இந்தப் பதிலை ஒன்பது வயதுவரை தினமும் கேட்டு வளர்ந்தவள் நான். மேல் லயத்தில் கழுவி ஊற்றும் தண்ணீரெல்லாம் கான் வழியாக இறங்கி, நேரே கீழ் லயத்துப் பீலித் தொட்டியில்தான் போய் விழும். அம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கீழே நின்று கத்துவாள். மேலிருந்து பேச்சியம்மா என்று ஒருத்தி, "நாங்க விடவே இல்லடி, சத்தியமா" என்பாள். காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் பேர் கொடுக்கப் போகிற வழியெல்லாம் அந்தச் சண்டை தொடரும். கங்காணி வந்து விலக்கிவிடுவார். மறுநாள் மறுபடி.

"புஸ்பா, நா கீழ் லயத்துக்காரி" என்றேன். "கடைசிக் காம்பரா. எங்கிட்ட இந்தக் கதையெல்லாம் விடாத. மேல் லயத்துத் தண்ணி எங்க போகும்னு எனக்குத் தெரியாதா?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். என் கழுத்தில் காதில் தோட்டத்து அடையாளம் எதையோ தேடினாள் போல. பிறகு, "அப்ப நாற்காலியப் போட்டதுக்கு ஒண்ணுஞ் சொல்லாம உக்காந்திருந்தீங்களே அக்கா" என்றாள். மேடம் என்பது அன்றோடு போயிற்று. உள்ளே போய் ஒரு தட்டில் ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் கொண்டு வந்தாள். நின்றபடியே தின்றேன்.

சரிவில் இறங்கும்போது அவளே எல்லாம் சொன்னாள். கீழ் லயம் இப்போது இல்லை. ஒரு மழைக்கு மண் சரிந்து, ஆட்களை அப்புறப்படுத்தி, கூரைத் தகரத்தையும் கழற்றிவிட்டார்கள். ஊற்றுத் தண்ணீரை மேலேயே குழாயில் பிடித்து மேல் லயத்துக்கும் அவள் தொட்டிகளுக்கும் கொண்டு போய்விட்டார்கள். பீலிக்கு இப்போது வருவது கான் தண்ணீர் மட்டும்தான். அதை அடுத்த பாத்திக்காரர்கள் கோவாவுக்கு, அதாவது முட்டைக்கோசுக்கு, இறைக்கிறார்கள்.

"அப்ப பிளீச்சிங் போட்டுக் கழுவுன தண்ணியும் இங்கதான வந்திருக்கும்?" என்று பதறினேன்.

"இல்லக்கா. கோவா கருகிப்போகுமேன்னு அத மட்டும் இவரு வாளியில அள்ளி ரோட்டுப் பக்கம் ஊத்துனாரு. மத்ததுதான் இங்க விடுறது" என்றவள், நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

எங்கள் காம்பரா இருந்த இடத்தில் ஒரு கொய்யா மரம் நின்றது. சுவரின் அடிவரிசைக் கல் கொஞ்சம் தெரிந்தது. அதன்மேல் உட்கார்ந்தால் அழுதுவிடுவேன் என்று தெரிந்து உட்காரவில்லை. தாண்டிப் போனால் பீலி. தகரம் துருப்பிடித்து வளைந்திருந்தது. தொட்டியில் முழங்கால் ஆழத்துக்குக் கரும்பச்சைத் தண்ணீர், அடியில் கரிச் சேறு, ஓரமெல்லாம் பாசி. மேலிருந்து கசியும் தண்ணீரில் மீன்தீனி நாற்றம். அம்மா வெள்ளைச் சேலை துவைத்த தொட்டி. என் தலையைப் பிடித்துத் தண்ணீருக்கடியில் அமுக்கிச் சீயக்காய் தேய்த்த தொட்டி.

அந்த அழுக்குக்குள் ஏதோ ஒன்று புரண்டது. ஒரு தங்கமீன். தொட்டி கழுவும்போது தப்பி வந்த குஞ்சு வளர்ந்து கை அகலம் இருந்தது. செதில் ஒன்றுகூடச் சிலிர்க்கவில்லை, புண் இல்லை. பாசியைக் கொறித்துக்கொண்டு சாவகாசமாகத் திரும்பியது. இன்னொன்றும் வந்தது.

"இவ்வளவு நாத்தத்துல எப்டிக்கா இதுக சாகல" என்றாள் புஸ்பா.

மீன் சாகாததற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்று விஞ்ஞானி மாதிரி பதில் சொன்னேன். ஆனால் சொல்லிக்கொண்டே தொட்டி ஓரத்தில் குந்திவிட்டேன். நிமாலி கொண்டு வந்த குழாய்கள் விரல் அளவுதான். நிறையத் தண்ணீர் வேண்டும், சுத்தமான பெரிய பாத்திரம் வேண்டும் என்றாள். என் பையில் துணி சுற்றிய போத்தல் இருந்தது. வெந்நீரில் கழுவிக் காயவைத்தது. அம்மாவின் போத்தலைத் தொட்டிக்குள் அமுக்கிக் கழுத்துவரை சேறும் தண்ணீருமாக நிரப்பினேன்.

அங்கிருந்தே அம்மாவுக்கு போன் போட்டேன். பீலிக்கரையில் நிற்கிறேன் என்றேன்.  தொட்டியில் மேல் லயத்து அழுக்குத்தான் கிடக்கிறது என்று சொன்னதும் அம்மாவின் பழைய சண்டைக் குரல் வந்தது.

"இன்னுமா கீழ விடுறாளுக?"

புஸ்பா என் கையிலிருந்து போனை வாங்கி, "அம்மா, நல்ல தண்ணி மேல பைப்புல வருதும்மா. அதே ஊத்துதான். அக்காகிட்ட பிடிச்சுக் குடுத்து விடவா?" என்றாள்.

"அது மேல் லயத்துத் தண்ணி. எனக்கு வேணாம்" என்றாள் அம்மா. பிறகு, பேச்சியம்மா இருக்கிறாளா என்று கேட்டாள். புஸ்பாவுக்குத் தெரியவில்லை. அவள் புருஷன் வீட்டாரே வேறு தோட்டத்திலிருந்து வந்தவர்கள். அந்தக் காலத்து மேல் லயத்து ஆட்களும் கப்பல் ஏறிவிட்டார்களாம், எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாதாம். அம்மா, "அவளுக்கும் வாய் மட்டுந்தான், மனசு நல்ல மனசு" என்று போனை வைத்தாள்.

பதுளையில் அந்தச் சேற்றுத் தண்ணீரை வடிகட்டினோம். பாக்டீரியா புக முடியாத, வைரஸ் மட்டும் நழுவிவிடுகிற வடிகட்டி. வடித்த தண்ணீரை நோய் பாக்டீரியாவோடு சேர்த்து ஓர் இரவு ஊறவிட்டு, மறுபடி வடித்து, தட்டில் சொட்டினோம். அடுத்த நாள் காலையில் நிமாலி தட்டைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். பால் ஏட்டில் வட்டம் வட்டமாக ஓட்டை. ஒன்றோடொன்று ஒட்டி, பொத்தல் விழுந்த சல்லடை மாதிரி. அவள் சிங்களத்தில் என்னமோ சொன்னாள். என்ன என்று கேட்டேன். "சின்ன வயதில் என் அம்மா அப்பம் சுடும்போது இப்படித்தான் இருக்கும் என்றேன்" என்றாள். பசி இரண்டு பேருக்கும்.

அதோடு முடிந்துவிடவில்லை. ஒரு ஃபேஜை நம்பக்கூடாது, இரண்டு மூன்று வகை சேர்க்க வேண்டும், பாதுகாப்பானதா என்று பார்க்க வேண்டும், மாதக் கணக்கில் வேலை இருக்கிறது. அதெல்லாம் நிமாலியின் பாடு. புஸ்பாவின் மீன் அதுவரை தாங்காது என்பதால், முறைப்படி கேட்டு அனுமதி வாங்கி, மீனைத் திரும்பத் தொட்டிகளில் போட்டு, ஒரு தொட்டியில் மட்டும் ஃபேஜை விட்டுப் பார்த்தோம். பக்கத்துத் தொட்டியில் விடவில்லை, ஒப்பிட வேண்டுமே. "ரெண்டுலயும் விட்டா என்னக்கா" என்று புஸ்பா கெஞ்சினாள். எனக்கும் மனசு கேட்கவில்லை. ஆனால் விடவில்லை. அன்று அவள் என்னோடு பேசவில்லை, ரொட்டியும் வரவில்லை.

கண்டெடுத்த ஃபேஜுக்கு அது கிடைத்த இடத்தின் பெயரை வைப்பது எங்கள் பழக்கம். அம்மாவின் போத்தலில் ஒட்டும் துண்டில் என்ன எழுதட்டும் என்று நிமாலி கேட்டாள். கீழ் லயம் என்றேன். அவள் சிங்கள எழுத்தில் எழுதி, என்னிடம் கொடுத்து, தமிழிலும் எழுதச் சொன்னாள். இடிந்துபோன எங்கள் லயத்தின் பெயர் எழுதிய போத்தல் அவள் குளிர்பெட்டியின் மேல்தட்டில் இருக்கிறது. எனக்கிருந்த அனுமதி உள்ளே கொண்டு வரத்தான், வெளியே கொண்டு போக இல்லை.

திரும்பும்போது ரயில் பாதை சரியாகியிருந்தது. தெமோதரையில் வண்டி சுற்றியபோது நான் மீன் பன்னை வைத்துக்கொண்டு தூங்கிப்போனேன். விழித்தபோது பண்டாரவளை தாண்டிவிட்டது. எனக்கு அதைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.

கோத்தகிரிக்கு நேராகப் போனேன். அம்மா செருப்பைக் கழற்றவிடாமல் பையை வாங்கி உள்ளே கையை விட்டாள். தேயிலை வந்தது, கருப்பட்டி வந்தது.

"போத்தலு?"

"அங்கேயே இருக்கும்மா. தண்ணி அதுக்குள்ள இருக்கு. கொண்டு வரக்கூடாது."

"ஏன் கொண்டு வரக்கூடாது?"

எனக்குத் தெரிந்த மாதிரி சொன்னேன். இந்தியாவிலிருந்து நான் கொண்டு போன மருந்து அங்கே கேட்கவில்லை, அந்த ஊர் நோய்க்கு அந்த ஊரில் பிறந்ததுதான் கேட்கிறது, அதனால் அது அங்கேதான் இருக்க வேண்டும் என்றேன். அம்மா கருப்பட்டியை முகர்ந்து பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நாங்களும் அந்த ஊருதான்" என்றாள். "எங்கள மட்டும் கப்பல்ல ஏத்துனாங்க."

 போனை எடுத்து, காலையில் வந்திருந்த புஸ்பாவின் குரல் பதிவைப் போட்டேன்.

"அக்கா, மருந்து விட்ட தொட்டியில மீனு தீனி திங்குது. செதிலெல்லாம் படிஞ்சிருச்சு. விடாத தொட்டியில பாதி போயிருச்சு. இன்னைக்கு நிமாலி மிஸ் வந்து மிச்சத்துக்கும் விட்டாங்க. இவரு ஏஜென்சிக்குப் போயி பாஸ்போட்ட வாங்கியாந்துட்டாரு. வாங்கியாந்தத கவிதா எடுத்து எங்கயோ ஒளிச்சு வச்சிட்டாக்கா. எங்கடின்னு கேட்டா சொல்ல மாட்டேங்கிறா. இருக்கட்டும், தேடவா போறேன்."

இன்னொரு தடவை போடு என்றாள் அம்மா. போட்டேன். இந்த முறை போனைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்டாள். முடிந்ததும் என் கையில் கொடுத்தாள்.

"மேல் லயத்துக்காரியா இருந்தா என்ன" என்றாள். "அவளாவது அங்கனயே இருக்கட்டும்."

பிறகு நான் கொண்டு வந்த தேயிலையைப் பிரித்து, சாயத்தண்ணி போட எழுந்து போனாள்.